சீல் வைத்த இரண்டு நாற்காலிகள்

நாற்காலிச் சட்டம் வந்த செய்தி கேட்டு தோன் செவெரோ அளவுக்கு மகிழ்ந்தவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. சட்டம் கேட்ட ஒரே பொருள் அவருடைய ரொட்டிக் கடையில் ஏற்கெனவே இருந்தது. அரசாங்கம் ஒன்றைக் கேட்டு, அது தன்னிடம் தயாராக இருப்பது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

சட்டம் நல்ல சட்டம்தான். கடைகளிலும் ஆலைகளிலும் பொழுது முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு, முதுகு சாய ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும். எழுதியவர் யாரோ, தன் தாயின் கால்களை ஒருநாளாவது உற்றுப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்று செவெரோ நினைத்துக்கொண்டார். அந்த நல்ல எண்ணம் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, தொழிலாளர் ஆய்வுச் சட்டத்தையும் கூடவே திருத்தி, இருக்கை நலக் கண்காணிப்பு இயக்ககம் என்று ஒன்றை மாநிலத் தலைநகரில் திறந்தார்கள். தொல்லை அங்கேதான் பிறந்தது.

செவெரோவின் கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவள் தோன்யா பிரிகிதா. ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா என்பது அந்த ஊர் மரியாதை. அந்த வேலைக்கு வரும்போது அவளுக்கு முடி கறுப்பு. இப்போது முடி வெளுத்து, கால் நரம்புகள் நீலமாகப் புடைத்து, முழங்காலுக்குக் கீழே கொடி படர்ந்தது போல இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் அவள் மாவு மூட்டைமேல் கையூன்றி நிற்பதைப் பார்த்த செவெரோ, வீட்டுக்குள் போய், இறந்துபோன மனைவியின் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். நாணல் பின்னியது, பைன் மரச் சட்டம். பிரிகிதா மறுநாள் பழைய மாவுச் சாக்கில் ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியைப் பற்றி அந்தக் கடையில் யாரும் பேசியதில்லை, நவம்பர் மாதம் ஆய்வாளர் வரும்வரை.

ஆய்வாளரின் பெயர் நோஎமி. சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு நாடா, தோளில் ஒரு கனத்த பை. கல்லறைத் திருநாள் ரொட்டி விற்று முடிந்த ஓய்ச்சலில் கடை இருந்தது.

"நாற்காலி இருக்கா?" என்றாள்.

"இருக்கு மேடம். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார் செவெரோ, பெருமையாக.

அவள் முகம் வாடியது. "சட்டத்துக்கு முன்னாடியேவா? அப்போ இது சட்டப்படி வந்த நாற்காலி இல்லையே."

"சட்டத்தோட எண்ணப்படி வந்தது மேடம்."

"எண்ணத்தை அளக்க நாடா இல்லை தோன் செவெரோ." அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. குனிந்து முதுகுச் சாய்வை அளந்தாள். இருக்கையை அளந்தாள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து எதையோ தேடினாள். "பதிவெண் தகடு எங்கே?"

"நாற்காலிக்கா?"

"ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒண்ணு இருக்கணும். அங்கீகாரம் வாங்கின தச்சர் அடிச்சிருப்பார்."

"அப்படிப்பட்ட தச்சர் யாரு மேடம்? நாளைக்கே போய்ப் பார்க்கறேன்."

"இன்னும் யாரையும் அங்கீகரிக்கல."

செவெரோ பிரிகிதாவைப் பார்த்தார். பிரிகிதா ரொட்டி எடுக்கும் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுவரைக்கும் இந்த நாற்காலிக்கு சீல் வைக்கணும்" என்றாள் நோஎமி. "தகடு இல்லாத நாற்காலியில பணியாளரை உக்கார வைக்கறது குற்றம்."

"சரி மேடம். அப்போ இவங்க நின்னுக்கட்டும்."

"நிக்க வைக்கறதும் குற்றம். அதுக்குத்தானே சட்டமே வந்தது."

செவெரோ அடுப்புவரை போய்த் திரும்பி வந்தார். "உக்காரவும் கூடாது, நிக்கவும் கூடாதுன்னா, மேடம், அந்தம்மா என்னதான் பண்ணணும்?"

"அதுக்கு விளக்கச் சுற்றறிக்கை வருதுன்னு சொன்னாங்க" என்றாள் அவள். சொல்லும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டாள். பெண் ரொம்பக் களைத்திருக்கிறாள் என்று பிரிகிதா கவனித்தாள். ஒரு கோப்பை இலவங்கப்பட்டைக் காப்பி ஊற்றி வைத்தாள். ஆய்வு செய்யும் இடத்தில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நோஎமி மறுத்தாள். காப்பி மேசைமேல் ஆறிப்போனது.

பணியாளரிடம் தனியாகக் கேட்கும் கேள்விகள் அடுத்து வந்தன. தனியாகக் கேட்க இடம் இல்லாததால் செவெரோவை அடுப்பறைக்கு அனுப்பினார்கள். அவருக்கு எல்லாம் கேட்டது.

"முதலாளி உங்களுக்கு நாற்காலி மறுத்திருக்காரா?"

"இல்லை. இன்னைக்கு நீதாம்மா மறுத்தே."

"அந்தப் பதிலுக்கு இதுல இடம் இல்லை தோன்யா. ஆமா, இல்லை, தெரியாது. மூணுல ஒண்ணு சொல்லணும்."

"தெரியாதுன்னே போட்டுக்கோ மகளே. அதுதான் நிஜம்."

எல்லாம் முடிந்து போகப்போகும் நேரத்தில் நோஎமியின் கண் மேலே போனது. பணப்பெட்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் பாலன் இயேசுவின் சுரூபம், ஒரு முழம்கூட இராது, பொன்வண்ணம் பூசிய குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அடுப்புக் கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் பாலன் லேசாக ஆடுவார். கடைக்கு வருகிற குழந்தைகள் அவர் தலையாட்டுகிறார் என்று சொல்லும்.

"அது?"

"அது பாலன் இயேசுவோட நாற்காலி மேடம்" என்றார் செவெரோ.

"யாரோடதுன்னு சட்டம் கேக்கல. பணியிடத்துல மொத்தம் எத்தனை இருக்குன்னுதான் கேக்குது. நான் பார்த்துட்டேன், எழுதாம போக முடியாது." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "சுரூபத்தை நீங்களே எடுத்துடுங்க. நான் தொடமாட்டேன்."

செவெரோ பாலனைத் தூக்கினார். பாலன் உட்கார்ந்தபடி செய்த சுரூபம். முழங்கால் எப்போதும் மடங்கியிருக்கும். வைக்க இடமில்லாமல் ரொட்டிக் கூடையில் துணி விரித்துப் படுக்கவைத்தார். முழங்கால் இரண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. நோஎமி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, குட்டி நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே மஞ்சள் பட்டையை ஒட்டினாள். பிறகு நின்றவாக்கில் மேசைமேல் குனிந்து ஒரே படிவத்தில் இரண்டு நாற்காலிகளையும் எழுதி, ஒரே கோப்பு எண் போட்டாள். அடுப்பில் வேலை செய்யும் எலாதியோவும் அவன் மைத்துனனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மஞ்சள் பட்டையில் இப்படி அச்சடித்திருந்தது: இதை வைத்த ஆய்வாளரின் கையால் அன்றி இதைப் பிரிப்பவர் தண்டிக்கப்படுவார்.

*

டிசம்பரில் பிரிகிதா நின்றாள்.

செவெரோ மாவு மூட்டையை இழுத்துப் போட்டார். சட்டத்தின் பிற்சேர்க்கையில், நாற்காலி போல் நடந்துகொள்ளும் எதுவும் நாற்காலியே என்று இருப்பதாகப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். அவர் கடையில் ஏணியின் இரண்டாம் படிக்குச் சீல் வைத்திருந்தார்களாம். செவெரோ மூட்டையைத் திரும்ப இழுத்துவிட்டார். பேருந்து நிலையத்துப் பெரிய துணிக்கடையில் மட்டும் பதிவுக்கு விண்ணப்பித்த பளபளப்பான நாற்காலிகள் வந்திருந்தன. தகடு வருவதற்குள் அழுக்காகிவிடக் கூடாது என்று அவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். விற்பனைப் பெண்கள் முறைபோட்டு நின்றபடி அந்த அறையைக் காவல் காத்தார்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் பிரிகிதா கால்களைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"தோன் செவெரோ, பிப்ரவரி மெழுகுதிரித் திருநாளோட நான் வேலையிலேருந்து நின்னுக்கறேன்" என்றாள்.

"அதுவரைக்கும் நிக்க முடியுமா?"

"அன்னைக்குச் சுவாமிக்குப் புதுத்துணி உடுத்தி விட்டுட்டுப் போறேன். வருஷா வருஷம் கூட இருந்தேன், நடுவுல விட்டுட்டுப் போனா நல்லாருக்காது."

"போய் என்ன பண்ணுவே?"

"வீட்டுல உக்காந்திருப்பேன். எங்க வீட்டு நாற்காலியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று செவெரோவுக்குத் தூக்கம் வரவில்லை. பிரிகிதா இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்த ரொட்டி, எந்த வீட்டில் துக்கம் என்பதால் சர்க்கரை போடாத ரொட்டி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வேலை போனால் அவளுக்கு வேறு வருமானமும் கிடையாது. மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தலைநகருக்குப் பேருந்து ஏறினார்.

இருக்கை நலக் கண்காணிப்பு இயக்ககம் மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுது. மூச்சு வாங்க ஏறிப்போன செவெரோ, உட்கார இடம் தேடினார். எங்கும் இல்லை. எழுத்தர்கள் ஜன்னல் விளிம்பில் தாள்களை வைத்து நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். தட்டச்சுப் பெண் அலமாரிமேல் கணினியை ஏற்றி வைத்து, நுனிக்காலில் நின்று தட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் நோஎமி சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். செவெரோவைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள்.

"உங்க நாற்காலி எல்லாம் எங்கே மேடம்?"

"முதல் ஆய்வு இங்கேதான் நடந்தது. முன்மாதிரியா இருக்கணும்னு டைரக்டர் சொன்னார். ஜூன் மாசத்துலேருந்து கிடங்குல இருக்கு, சீல் வெச்சு."

கூடத்தின் நடுவில் கயிறு கட்டிய வளையத்துக்குள் ஒரே ஒரு நாற்காலி, கண்ணாடித்தாள் சுற்றியபடி இருந்தது. அதுதான் மாதிரி நாற்காலியாம். அதற்கு மட்டும் தகடு உண்டு. எண் ஒன்று.

இயக்குநர் அபுந்தியோ நடந்துகொண்டே பேசுவார். உட்காராமல் ஒரே இடத்தில் நிற்பதைவிட அது இடுப்புக்கு நல்லது என்று கண்டுபிடித்திருந்தார். செவெரோ அவருக்குப் பின்னாலேயே தாழ்வாரத்தில் போக வேண்டியிருந்தது.

"தோன் செவெரோ, உங்களை மாதிரி சின்னத் தொழில் பண்றவங்களுக்காகத்தான் இந்த இயக்ககமே. முன்னெல்லாம் ஆய்வாளர் வந்தா என்ன கேப்பார்? சம்பளம் கொடுத்தியா, ஓய்வுநாள் கொடுத்தியான்னு கேப்பார். கொடுத்திருந்தா எழுந்து போயிடுவார். அதெல்லாம் மேலோட்டம். இப்போ நாங்க ஆழமாப் போறோம். இந்த மண்டலத்துல, ஆறே மாசத்துல, முறைகேடான நாற்காலியில உக்காருற பணியாளர் ஒருத்தர்கூட இல்லைங்கற நிலைமையைக் கொண்டுவந்திருக்கோம்."

"நாற்காலியிலயே உக்காருற ஆள் யாரும் இல்லையே ஐயா."

"அதைத்தான் சொல்றேன். முழு வெற்றி!" தாழ்வாரத்தின் முனை வந்தது, திரும்பி நடந்தார்கள். "நாட்டுத் தலைநகர்லேருந்து பாராட்டு வந்திருக்கு. வாங்கிக்க நான் எழுந்து நிக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு, ஏற்கெனவே நின்னுகிட்டிருந்தேன்."

"அந்தம்மாவுக்கு நரம்பு வீங்கியிருக்கு ஐயா. தச்சரை எப்போ அங்கீகரிப்பீங்க?"

"குழு கூடினதும். குழு கூடறதுக்கு உறுப்பினர்கள் எல்லாரும் தகடு வெச்ச நாற்காலியில அமர்ந்திருக்கணும்னு விதி. எங்ககிட்ட இருக்கறது ஒண்ணு. உறுப்பினர் ஏழு பேர்." இயக்குநர் நின்றார். முதல்முறையாகச் செவெரோவை நேராகப் பார்த்தார். அவர் கண்களுக்குக் கீழே கருவளையம். "என் மனைவி கேக்கறா, வீட்டுக்கு வந்தாலும் ஏன் நின்னுகிட்டே சாப்பிடறீங்கன்னு. பழக்கமாப் போச்சுங்கறேன். உழைக்கிற மக்களோட முழங்காலுக்காக ஒரு மனுஷன் இதுக்கு மேல என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

செவெரோ திரும்பும்போது பேருந்தில் இருக்கை கிடைத்தது. உட்கார்ந்ததும் ஏதோ தப்புச் செய்வதுபோல இருந்தது.

*

ஜனவரி ஆறாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னறிவிப்பில்லாத ஆய்வு நடக்கும் என்று முன்னதாகவே அறிவிப்பு வந்தது.

மூவரசர் திருநாள். ரொட்டிக் கடைக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. விடியலிலிருந்து ரோஸ்கா என்கிற வளைய ரொட்டிகள் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ரோஸ்காவுக்குள்ளும் மாவோடு மாவாக ஒரு குட்டிப் பொம்மை ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர், பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளன்று, ரொட்டி தின்ற அத்தனை பேருக்கும் சோளமாவைத் தோகையில் பொதிந்து தமால் அவித்துப் போட வேண்டும். செவெரோ கடையில் இன்னொன்றும் உண்டு. பொம்மை கிடைத்தவர்தான் அந்த வருடம் கடையின் பாலன் இயேசுவுக்கு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ. புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் அமர்த்தி, கோயிலுக்கு எடுத்துப்போய் ஆசீர்வாதம் வாங்கித் தர வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பாதி சாத்திவிட்டு வேலைக்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த ரோஸ்காவைச் சுற்றி நின்றபோது நோஎமி உள்ளே வந்தாள். சீல் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். இருந்தது.

"வெட்டும்போது உள்ளே இருக்கறவங்க எல்லாரும் தன் துண்டைத் தானே வெட்டணும்" என்று பிரிகிதா கத்தியை நீட்டினாள்.

"நான் எதையும் வாங்கக் கூடாது தோன்யா."

"யார் கொடுக்கறா? நீயே வெட்டிக்கறே. மூணு ராஜாக்கள் திரும்பும்போது ஏரோதுகிட்ட அனுமதி வாங்கியா போனாங்க?"

எலாதியோ சிரித்தான். நோஎமி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் என்பது முகத்தில் தெரிந்தது. கத்தியை வாங்கி, ஓரத்தில் மெல்லியதாக ஒரு துண்டு வெட்டினாள். கத்தி எதிலோ தட்டியது. அந்த நாட்டில் பிறந்த எவரும் அந்த இடத்தில் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். முகத்தைத் திருப்பி, துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அறிக்கையைச் சாட்சிகளுக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. அவள் படித்தாள்.

"கழையின் உழிமையாழர் முன்னிழையில்..."

"என்ன மேடம்?" என்றான் எலாதியோ. "சாட்சிக்கு விளங்கணுமே."

"நாழ்காழிகள் இழண்டும்..."

"மகளே, அந்தக் கன்னத்துல என்ன?" என்றாள் பிரிகிதா.

"பழ்வழி."

"பல்வலிக்கு ரெண்டு கால் முட்டிகிட்டு நிக்குமா? துப்பிடு. என் மாமனார் இப்படித்தான் ஒரு வருஷம் செலவுக்குப் பயந்து முழுங்கினார். ஊரே அவர் வீட்டு வாசல்ல ரெண்டு நாள் காத்திருந்தது."

நோஎமி உள்ளங்கையில் துப்பினாள். வெள்ளைப் பொம்மை, கைகளைக் கூப்பியபடி. கடை முழுவதும் கைதட்டியது. அவளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

"என்னால முடியாது. நான் ஆய்வு பண்ற இடம் இது. இங்கே ஞானத்தாயா வர விதியில இடமில்லை."

"பொம்மை வந்துட்டா வந்ததுதான் மகளே" என்றாள் பிரிகிதா. "இதுக்கு மேல்முறையீடு கிடையாது."

மூன்றாம் நாள் இயக்குநர் அபுந்தியோ தொலைபேசியில் கூப்பிட்டார். நடந்துகொண்டே பேசுகிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

"தோன் செவெரோ, அந்தப் பெண் உண்மையை மறைக்காம எழுதிக் கொடுத்துட்டா. நேர்மைப் பிரிவு கூடியே ஆகணும்னு நின்னுகிட்டே கூடினோம். ஆய்வாளர் ஒருத்தர் முதலாளிகிட்டேருந்து வாங்கினா என்ன செய்யணும்னு எங்ககிட்ட நாப்பது விதி இருக்கு. சாப்பாடு வாங்கினா, கோழி வாங்கினா, மச்சானுக்கு வேலை வாங்கினா, எல்லாத்துக்கும் இருக்கு. ஆனா ஆய்வாளர் ஒருத்தர் முதலாளிக்குக் கொடுத்தா என்ன செய்யறதுன்னு எங்கேயும் இல்லை." சற்றே நிறுத்தினார். "இந்தத் துறை தொடங்கின நாள்லேருந்து அப்படி ஒண்ணு நடந்ததே இல்லை போலிருக்கு. அதனால தடுக்கவும் முடியல. விடுப்பு எழுதிட்டு வரட்டும்."

பிறகு தயங்கி, "தமால் மிளகாய்ச் சாறு வெச்சதா, இனிப்பா?" என்று கேட்டார்.

*

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை பிரிகிதா தன் வேலை ஏப்ரனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். செவெரோ அதைப் பார்க்காததுபோல மாவு பிசைந்தார். பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தார்.

நோஎமி பேருந்தில் வந்து இறங்கினாள். கம்பளி சுற்றிய பெரிய பானை ஒரு கையில், இன்னொரு கையில் பொட்டலம். பானையைத் திறந்தால் சோளத் தோகை வாசனையோடு ஆவி எழுந்தது. பொட்டலத்தில் அவள் அம்மா தைத்த வெள்ளைப் பட்டு அங்கி. கழுத்தில் அட்டை இல்லாமல் பார்க்கும்போது அவள் யாரோ அக்கம்பக்கத்துப் பெண் போல இருந்தாள்.

அவளும் பிரிகிதாவுமாகப் பாலனை ரொட்டிக் கூடையிலிருந்து எடுத்து, மாவுத் தூசி துடைத்து, அங்கி போட்டார்கள். கோயில் மணி முதல் தடவை அடித்தது. பாலனை மேசைமேல் வைத்தாள் நோஎமி. அவர் மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தார். நிறுத்திப் பார்த்தாள். முழங்கால் மடங்கிய பிள்ளை எப்படி நிற்கும்? முன்னால் கவிழ்ந்தார். தமால் பானைமேல் சாய்த்து வைத்தாள். வழுக்கினார்.

"கையிலேயே தூக்கிட்டுப் போகலாம்" என்றார் செவெரோ, அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. "சுவாமி தப்பா எடுத்துக்க மாட்டார்."

"மாட்டார்" என்றாள் பிரிகிதா. "நிக்க முடியாதவங்க கஷ்டம் அவருக்கு இந்த வருஷம் நல்லாவே தெரியும்."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையிலிருந்து லேசாக உயர்த்தினாள். செருப்புக்கு மேல் கணுக்கால் பிதுங்கியிருந்தது. நோஎமி அதைப் பார்த்தாள். மடித்து வைத்த ஏப்ரனையும் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"இனிமே வர்றவங்களோடது" என்றாள் பிரிகிதா. "எனக்கு இன்னைக்கோட முடிஞ்சுது மகளே."

மணி இரண்டாவது தடவை அடித்தது. நோஎமி கைப்பையைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு பத்து நிமிஷம் நான் ஆய்வாளர்" என்றாள். "எலாதியோ, சாட்சிக்கு வாங்க. மைத்துனரையும் கூப்பிடுங்க."

மேசைமேல் குனிந்து எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"சீல் நீக்கக் காரணம்: இருக்கை இன்றிப் பணி செய்ய இயலாத பணியாளர். பெயர்: இயேசு. தந்தை தொழில்: தச்சு. பணி: கடையைப் பார்த்துக்கொள்ளுதல். உடல்நிலை: முழங்கால் நிரந்தரமாக மடங்கியுள்ளதால் நிற்க முடியாது. ஆய்வாளர் நேரில் மூன்று முறை நிறுத்திப் பார்த்தார், மூன்று முறையும் பணியாளர் விழுந்தார்."

பிறகு பலகையிலிருந்து குட்டி நாற்காலியை இறக்கி மஞ்சள் பட்டையைப் பிரித்தாள். செவெரோ கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவள் அத்தோடு நிற்கவில்லை. பெரிய நாற்காலிப் பக்கம் போனாள்.

"மேடம், அது..."

"ரெண்டும் ஒரே கோப்பு தோன் செவெரோ. ஒண்ணை விடுவிச்சா இன்னொண்ணும் விடுபடும். தனித்தனி எண் போட்டிருக்கணும். அன்னைக்கு எனக்குக் கால் வலி. நின்னுகிட்டே ரெண்டு படிவம் எழுத முடியல."

பட்டை சர்ரென்று கிழிந்து வந்தது. நாணல்மேல் படிந்திருந்த மூன்று மாதத் தூசியை சால்வை முனையால் துடைத்தாள். எல்லாரும் பிரிகிதாவைப் பார்த்தார்கள்.

பிரிகிதா உட்காரவில்லை. சாக்கு மெத்தையை எடுத்து வந்து தட்டிப் போட்டு, "நீ உக்காரு மகளே" என்றாள். "ஜூன்லேருந்து நிக்கறே."

நோஎமி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவள் அழுகிறாளா தூங்குகிறாளா என்று தெரியவில்லை. எலாதியோ தமால் பானையை மூடி வைத்தான், ஆறாமல் இருக்க.

அப்போது கதவு திறந்து ஒரு கிழவர் ரொட்டி கேட்டு வந்தார். பிரிகிதா வழக்கம்போல இடுக்கியை எடுக்கப் போனாள். அதற்குள் நோஎமி வெறுங்காலோடு எழுந்து அவளுடைய தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானே இடுக்கியையும் தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"என்ன வேணும் தாத்தா?"

"அவருக்கு உப்பு ரொட்டி" என்றாள் பிரிகிதா, உட்கார்ந்தபடியே. "சர்க்கரை வியாதி. கோன்ச்சான்னு இனிப்பு ரொட்டி கேப்பார், கொடுத்துடாதே."

செவெரோ மடித்து வைத்திருந்த ஏப்ரனை எடுத்துப் பிரிகிதாவின் மடியில் போட்டார். அவள் உதறிக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது மணி அடித்ததும் எல்லாருமாகக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பாலன் தன் நாற்காலியில் லேசாக ஆடிக்கொண்டே வந்தார்.

*

மார்ச் மாதம் இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள், மூன்று முத்திரை. கடை முகவரிக்கு, திரு. இயேசு அவர்கள் என்று விலாசம் எழுதியிருந்தது. பிரிகிதா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்தாள்.

தங்கள் பணியிடத்தில் இரண்டு இருக்கைகள் விடுவிக்கப்பட்டது மண்டலத்தின் முதல் சாதனையாக ஆண்டறிக்கையில் இடம்பெறுகிறது. எனினும் இரு பணியாளர்களில் ஒருவர் வயது குறைந்தவர் எனக் கோப்பிலிருந்து தெரியவருவதால், குழந்தைத் தொழிலாளர் பிரிவு விரைவில் முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வரும். வயதுச் சான்றிதழைத் தயாராக வைத்திருக்கவும்.

"என்ன பண்றது தோன்யா?" என்றார் செவெரோ. அவர் குரலில் பயம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

பிரிகிதா கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். எழுந்து பலகையிலிருந்த குட்டி நாற்காலியைத் தூக்கி, குட்டையான காலுக்கு அடியில் கடிதத்தைச் செருகிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டாள். எலாதியோ அடுப்புக் கதவை அடித்துச் சாத்தினான்.

பாலன் ஆடவில்லை.